வல்லத்துக்காரன் வள்ளம் ஏறிய கதை

(2025 டிசம்பரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி, மேடையில் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சு வழக்கு அங்கங்கே எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)



"வெளிநாட்டு அனுபவம் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார் செயலாளர். நான் துபாயில் கட்டடம் கட்டுகிறவன். அங்கே என் அனுபவம் என்றால் வெயில், தூசி, மறுபடி வெயில். அதைக் கேட்க நீங்கள் இங்கே வரவேண்டியதில்லை, மே மாசம் செஞ்சிக்கோட்டை ஏறினாலே போதும். அதனால் நான் சம்பாதித்த கதையை விட்டுவிட்டு, செலவழித்த கதையைச் சொல்கிறேன். எண்ணூறு யூரோ செலவில், சூரிய அஸ்தமனம் பார்க்கப் போய், பார்க்காமல் திரும்பி வந்த கதை.

அந்த எண்ணூறில் பாதி என்னுடையது அல்ல. மீதி நானூறைக் கொடுத்தவன் இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான். ஹாஸ்டலில் என்னிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன், வெளிநாட்டில் சரிபாதி பணம் கொடுத்தான் என்பதே ஒரு செய்திதான்.

2024 ஜூலையில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைந்தது. என் மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. கடலுக்குள் சூரியன் இறங்குவதை, கடல்மேலே இருந்து பார்க்க வேண்டும். கேட்கச் சின்ன ஆசைதான். ஆனால் நம்ம ஊர்க்காரர்களுக்கு அது கிடைக்காது, யோசித்திருக்கிறீர்களா? மரக்காணம் போங்கள், புதுச்சேரி போங்கள், நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழும்பும், நிலத்தில்தான் விழும். கன்னியாகுமரி மாதிரி இரண்டொரு இடம் போனால்தான் உண்டு. நாம் பார்த்த அஸ்தமனமெல்லாம் மலைக்குப் பின்னால்தான். ராஜகிரி உச்சியில், எண்ணூறு அடி உயரத்தில் மூச்சு வாங்க நின்று பார்த்த அஸ்தமனத்துக்கு நான் குறை சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பிடித்தது நம் செஞ்சி ஒன்றுதான். இருந்தாலும் கடல் கடல்தானே.

இரண்டு குடும்பமும் சேர்ந்து கிரேக்க நாட்டின் கோஸ் தீவுக்குப் போனோம். துருக்கிக் கரைக்கு எதிரே, சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தீவு. மருத்துவத்தின் தந்தை என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, ஹிப்போகிராட்டஸ், அவர் பிறந்த ஊர். துறைமுகத்தில் வரிசையாகப் படகுகள். ஐம்பது பேரை ஏற்றிப் பாட்டு போட்டுக்கொண்டு போகிற படகும் உண்டு. நமக்கு மட்டும் தனியாக ஒரு பாய்மரப் படகு, ஒரு கேப்டன் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. சாயங்காலம் நாலரைக்குக் கிளம்பி, பக்கத்தில் செரிமோஸ் என்ற குட்டித் தீவின் மறைவில் நங்கூரம் போட்டுக் குளித்து, சாப்பிட்டு, பிறகு திறந்த கடலுக்குப் போய் எட்டே கால், எட்டரை மணி அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் திரும்புவது என்று திட்டம்.

கேப்டன் ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் கறுத்து, நம்ம ஊர்க் களத்துமேட்டில் நிற்கிற அம்மா மாதிரியே இருந்தார். ஏறினவுடன் எங்களை உட்காரவைத்துக் கால்மணி நேரம் வகுப்பெடுத்தார். லைஃப் ஜாக்கெட் எங்கே, எப்படி மாட்டுவது, யாராவது தண்ணீரில் விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்வது. விழுந்தவரையே பார்த்துக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும், வேறு எதுவும் செய்யக்கூடாது, கண்ணை எடுத்தால் அலையில் தலை தெரியாமல் போய்விடும். படகில் நடக்கும்போது ஒரு கை உனக்கு, ஒரு கை படகுக்கு. குழந்தைகள் மூன்று பேரும் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. நம்மவன் என் காதில், "டேய், லேப் வைவா மாதிரி இருக்குடா" என்றான்.

படகு இரண்டு உடல் கொண்டது. கட்டமரன் என்கிறார்கள். எனக்குள்ளே தமிழன் விழித்துக்கொண்டான். "அம்மா, இந்தப் பேர் எங்கள் பாஷை. கட்டின மரம், கட்டுமரம்" என்றேன். அவர் நம்பவில்லை. "கட்டா என்று ஆரம்பித்தால் கிரேக்கம்தானே?" என்றார். கிரேக்கத்தில் அப்படி ஒரு முன்னொட்டு இருக்கிறதாம். விடுவேனா? வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி நம் சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து 1697-ல் வந்த தன் பயண நூலில் எழுதியிருப்பதைச் சொன்னேன். 1876-ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல் வைத்த பாய்மரப் படகு ஒன்றைக் கட்டிப் போட்டியில் விட, அது மற்ற படகுகளைத் தூக்கிச் சாப்பிட்டதையும், அதற்காகவே அந்த ரகத்தைப் போட்டியிலிருந்து விலக்கியதையும் சொன்னேன்.

ஆனால் ஓர் உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. உடலே கிடையாது. மிதக்கிற மரத்தை இழைத்துக் கயிற்றால் கட்டினது, அவ்வளவுதான். அலை மேலே ஏறி இடுக்கு வழியாக வழிந்து போய்விடும். உள்ளே தண்ணீர் தேங்க இடமில்லாததால் மூழ்கவும் வழியில்லை. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள், இல்லையென்றால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். பேர் மட்டும் நம்முடையது, கப்பல் அவர்களுடையது. நம் ஊர்ப் பேரும் அப்படித்தான். வல்லத்தில் பிறந்த நான் ஆயுளில் வள்ளம் ஏறியதில்லை. லகரம் ஒன்று மாறினால் படகாகியிருக்கும் ஊரில், படகு விட ஏரித் தண்ணீர்கூட மழைக்காலத்தில்தான்.

அந்தத் தீவுக்கும் நமக்கும் இதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. படகு கிளம்பியதும் கேப்டனம்மா பெரியவர்களுக்கு ஒயின் கொடுத்தார். நான் திராட்சைச் சாறோடு நிறுத்திக்கொண்டேன், என் அப்பா இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். பேச்சுவாக்கில், அந்தக் காலத்தில் கோஸ் ஒயினில் கடல் தண்ணீர் கலப்பார்கள் என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. புதுச்சேரி மியூசியத்துக்கு இரண்டாம் வருஷம் டூர் போனோமே, நினைவிருக்கிறதா? அங்கே அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்கள் வைத்திருந்தார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் தோண்டிய இடம். அங்கே கிடைத்த ஒயின் ஜாடி ஓடுகளில் நிறைய, கோஸ் தீவு ஜாடிகளும் அதே அச்சில் வேறு ஊர்களில் செய்தவையும். இரண்டு குச்சியைச் சேர்த்து ஒட்டியது மாதிரி இரட்டைக் கைப்பிடி இருக்கும், அதுதான் அடையாளம்.

அரிக்கமேடு எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது? அரியாங்குப்பம் ஆறு. அது யாருடைய கிளை? நம் செஞ்சி ஆறு, சங்கராபரணி! மேல்மலையனூர் பக்கத்து மலையில் புறப்பட்டு, செஞ்சியைத் தொட்டு, வீடூர் அணை தாண்டி, புதுச்சேரிக்குத் தெற்கே சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று இரண்டாகப் பிரிந்து கடலில் சேர்கிறதே, அதேதான். கோஸ் தீவிலிருந்து ஜாடி ஏறி, கோடைக்கால வடகாற்றில் அலெக்சாண்டிரியா போய், நைல் நதியில் மேலேறி, பாலைவனத்தில் ஒட்டகத்தில் செங்கடல் வந்து, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து இந்தியாவுக்கு வந்து, கடைசியில் நம் ஊர் ஆற்று முகத்தில் உடைந்திருக்கிறது. சொன்னேன். கேப்டனம்மா சுக்கானை என் மகள் கையில் கொடுத்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் விருந்தாளி இல்லை, பழைய வாடிக்கைக்காரர்" என்றார்.

அந்த வடகாற்றுதான் இனி கதாநாயகன். மெல்டெமி என்பது அதன் பெயர். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் முழுக்க அடிக்கும். கோஸ் பக்கம் வரும்போது வடமேற்காகத் திரும்பிவிடும். நம்ம ஊர்க் காற்று வருவதற்கு முன்னால் கறுத்துக்கொண்டு, இடித்து, ஊரைக் கூட்டித்தான் வரும். இது அப்படியில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. துடைத்து வைத்த மாதிரி நீலம். அதிலிருந்தே அடிக்கும்.

போகும்போது காற்று எதிரே என்பதால் பெரும்பாலும் எஞ்சினில் போனோம். நடுவில் ஓர் அரைமணி நேரம் திசையைக் கொஞ்சம் திருப்பிப் பாய் விரித்தார், அதையும் கீழ்ப்பாகத்தைச் சுருக்கிக் கட்டித்தான் விரித்தார். "முழுசா விரிங்களேன், காசு கொடுத்திருக்கோம்ல" என்றான் நம்மவன், தமிழில், நல்ல வேளையாக. எஞ்சின் நின்றதும் ஒரு சத்தம் வரும் பாருங்கள். சத்தம் என்றா சொல்வது? தண்ணீர் உரசுகிற ஓசை, கயிறு முனகுகிற ஓசை, அவ்வளவுதான். என் மனைவி பேசவே இல்லை. பத்து வருஷத்தில் அரைமணி நேரம் தொடர்ந்து பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். (இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க, ஆனா நீங்களும் பேசலைன்னு சேர்த்து எழுதுங்க என்றாள்.)

செரிமோஸ் தீவின் மறைவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. குழந்தைகள் குதித்தார்கள், நாங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நனைந்தோம். ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, கேமராவெல்லாம் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கேப்டனம்மா நங்கூரத்தை எடுத்து, தீவின் முனை வரைக்கும் மெதுவாகப் படகைக் கொண்டுபோனார். முனையைத் தாண்டி மூக்கை நீட்டினார். காற்று மீட்டரைப் பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு படகைத் திருப்பிவிட்டார்.

"அஸ்தமனம் இன்றைக்கு இல்லை. வீட்டுக்குப் போகிறோம்."

எங்களுக்குப் புரியவில்லை. வானம் சுத்தம். படகு ஆடக்கூட இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில், அவள் பத்து வருஷமாகக் கேட்ட காட்சி. நம்மவன் எழுந்து நின்றுவிட்டான். ஒப்பந்தம், பணம், விளம்பரத்தில் போட்டிருந்த படம் எல்லாம் பேசினான். நானும் சேர்ந்துகொண்டேன். நான் ஓர் இன்ஜினியர் என்றும், எனக்கு ஒன்றும் ஆபத்தாகத் தெரியவில்லை என்றும் சொன்னேன். இதைச் சொன்னதற்காக இன்றைக்கும் காது சுடுகிறது.

அவர் சத்தம் போடவில்லை. திரும்பும் வழியில் என்னை மீட்டர் பக்கத்தில் கூப்பிட்டார். இரண்டு எண் இருந்தது. ஒன்று 20. இன்னொன்று 27. கணக்கு நாட்டில். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். "இருபது என்பது நீ உணர்கிற காற்று. இருபத்தேழு என்பது உண்மையில் இருக்கிற காற்று" என்றார். காற்று பின்னாலிருந்து 27-ல் வருகிறது, படகு அதே திசையில் 7-ல் ஓடுகிறது, அதனால் முதுகில் படுவது 20. "வரும்போது என்ன இருந்தது?" என்று கேட்டார். நானே கணக்குப் போட்டேன். வரும்போது காற்று 15, படகு அதற்கு எதிரே 5, முகத்தில் பட்டது 20. அதே 20! என் தோலுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரே காற்று. ஆனால் காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும், நம் விண்ட் லோடு பாடம். 15-லிருந்து 27 என்றால் மூன்று மடங்குக்கு மேல்.

மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒரு பத்தி. ஒற்றை உடல் பாய்மரப் படகு காற்று ஏற ஏறச் சாயும். சாய்ந்தால் பயம் வரும், பயம் வந்தால் பாயை இறக்குவோம். சாய்கிறபோதே பாயிலிருந்து காற்றும் வழுக்கிப் போகும், அடியில் இருக்கிற எடை அதை நிமிர்த்தப் பார்க்கும். கட்டமரன் அகலமாக உட்கார்ந்திருப்பதால் சாயவே சாயாது. மேஜையில் டம்ளர் நகராது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் போய் ஒரு பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும்பிவிட்டால், நிமிர்த்தும் விசை அங்கேயே உச்சம். அதற்குப் பிறகு குறையும். கவிழ்ந்தது தானாக நிமிராது. அதற்கு முன்னால் பாய்மரமோ கயிறோ போகலாம். அதனால் கட்டமரன் ஓட்டுகிறவர்கள் உடம்பு சொல்வதைக் கேட்பதில்லை. இத்தனை நாட் என்றால் இவ்வளவு பாய் என்று எழுதி வைத்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கு நம் ஆர்.சி.சி. வகுப்பு ஞாபகம் வந்தது. சார் இங்கே இருக்கிறார். கம்பியைக் குறைவாகப் போட்ட பீம், கம்பியை அதிகமாகப் போட்ட பீம், எது நல்லது என்று கேட்டார். அதிகம்தான் நல்லது என்று மொத்த வகுப்பும் கத்தினோம். "போங்கடா" என்றார். அளவோடு கம்பி போட்டால் முதலில் கம்பி இழுபடும், பீம் தொங்கும், வெடிப்பு தெரியும், ஆள் ஓடிவிடலாம். அதிகம் போட்டால் கடைசி நிமிஷம் வரை கம்பீரமாக நிற்கும், பிறகு காங்கிரீட் நசுங்கி ஒரேயடியாகப் போகும். சார், அன்றைக்குப் புரிந்த மாதிரி தலையாட்டினேன். புரிந்தது 2024-ல்.

பொய். அதற்கு முன்னாலேயே ஒரு தடவை புரிந்திருக்க வேண்டும்.

இந்த மேடையில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நேற்று ராத்திரி வரை யோசித்தேன். 2013. படிப்பு முடிந்து இரண்டாவது வருஷம். சென்னைக்கு வெளியே ஒரு கட்டடம். நான் ஜூனியர் இன்ஜினியர். ஐந்தரை மீட்டர் ஸ்பான் ஸ்லாப். நாலரை மீட்டருக்கு மேல் ஸ்பான் இருந்தால் முட்டு பதினாலு நாள் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456-ல் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான். ஒன்பதாம் நாள் முட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். கீழே பூஜை வைக்க வேண்டுமாம், பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். அந்த ஸ்லாபின் ஏழு நாள் கியூப் ரிசல்ட் என் டிராயரில் இருந்தது. எம்-25 காங்கிரீட், பதினாறு பதினேழாவது வந்திருக்க வேண்டும், வந்தது பன்னிரண்டு. எண் என் கையில் இருந்தது. கீழே போய் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, அழகாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு சார், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டேன்.

அன்று சாயங்காலமே ஸ்லாப் நடுவில் இறங்க ஆரம்பித்தது. திரும்ப முட்டு கொடுக்க ஓடினார்கள். அவசரத்தில் ஒரு முட்டு நழுவி சென்டரிங் வேலை பார்த்த ஓர் அண்ணன் காலில் விழுந்து எலும்பு முறிந்தது. மூன்று மாசம் வேலை இல்லை. ஸ்லாப் விழவில்லை, பேப்பரில் செய்தி வரவில்லை, என்மேல் யாரும் கேஸ் போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அண்ணன் படுக்கையில் இருந்தபடியே எனக்கு ஆறுதல் சொன்னார்: "நீங்க சின்னப் பையன் சார், நீங்க என்ன பண்ணுவீங்க."

அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எட்டு மணி சுமாருக்குக் கோஸ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். கேப்டனம்மா கேட்காமலே இருநூறு யூரோவைத் திருப்பிக் கொடுத்தார். சூரியன் ஹோட்டல் கட்டடங்களுக்குப் பின்னால் எங்கேயோ இறங்கியது. அன்றைக்குக் கடலுக்குப் போன மற்ற படகுகள் எல்லாம் அஸ்தமனம் பார்த்துவிட்டு, விளக்குப் போட்டுக்கொண்டு, பாட்டோடு, பத்திரமாகத்தான் திரும்பி வந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம்மவன் ஒவ்வொரு படகாக எண்ணி எனக்குக் காட்டினான். கேப்டனம்மாவிடமும் கேட்டேவிட்டான், "பாருங்கள், அவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்களே?" அவர் கயிறு சுற்றிக்கொண்டே சொன்னார்: "சந்தோஷம். எல்லாரும் என் அக்கம்பக்கத்துக்காரர்கள்."

அன்று ராத்திரி, குழந்தை தூங்கின பிறகு, அந்த ஸ்லாப் கதையை என் மனைவியிடம் சொன்னேன். பதினோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. அவள் ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த அண்ணன் இப்போ எங்கே இருக்கார்னு தெரியுமாங்க?" தெரியாது. இந்த லீவில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த மேஸ்திரியின் நம்பர் கிடைத்திருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை.

மாணவர்களுக்கு இன்னொரு கதை, இது எங்கள் பேட்சுக்குத் தெரிந்ததுதான். 2010-ல் மூன்றாம் வருஷம் படிக்கும்போது நாலு பேர் கிளாஸைக் கட் அடித்துவிட்டுத் திண்டிவனத்தில் பஸ் மாறி மரக்காணம் பக்கம் போனோம். கரையில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டு இருந்தார். ஃபைபர் படகில் ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போகச் சொன்னோம். கடலைப் பார்த்தார். "காத்து மாறுது தம்பி, இன்னிக்கு வேணாம். நாளைக்கு வாங்க." கடல் தட்டு மாதிரி கிடந்தது. ஐந்நூறு ரூபாய் தருகிறோம் என்றோம். அது எங்கள் நாலு பேரின் மொத்த சொத்து. அவர் வலையிலிருந்து நிமிரவே இல்லை. திமிர் பிடித்த கிழவர் என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தோம். அவரிடம் மீட்டர் இல்லை. வாடை எப்போது, கொண்டல் எப்போது, கச்சான் எப்போது என்று தலைமுறையாக எண்ணி வைத்தவர்கள் அவர்கள். ஐந்நூறு ரூபாயை நாலு பையன்கள் நீட்டியபோது வேண்டாம் என்றவரைத்தான் திமிர் பிடித்தவர் என்றோம். கோஸில் கயிறு சுற்றிய அம்மாவைப் பார்த்தபோது அவர் முகம்தான் வந்தது.

எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. நாங்கள் படிப்பை முடித்த 2011-லேயே, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகுச் சவாரி போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ந் தேதி கேரளத்தில் தானூரில், பொழுது சாய்ந்த நேரத்துச் சவாரி, அளவுக்கு மேல் ஆட்கள், அங்கேயும் 22 பேர், அதில் நிறையக் குழந்தைகள். அந்தப் படகுகளில் ஏறியவர்களுக்கும் எங்களுக்கு மாதிரியே தண்ணீர் அமைதியாகத்தான் தெரிந்திருக்கும்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் அறிவிப்பு, அவர் சொல்லச் சொன்னது. நாளைக்குச் சங்கத்தின் சார்பில் குடும்பத்தோடு சுண்ணாம்பாறு போகிறோம். கல்லூரி வாசலில் காலை ஒன்பது மணிக்கு பஸ். நம் ஆற்றில்தான் படகுச் சவாரி, வெயில் சாய்வதற்குள் எல்லாரும் கரைக்கு வந்துவிட வேண்டும். அஸ்தமனத்தைக் கரையில் நின்று, தென்னந்தோப்புக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு படகுக்கு எத்தனை பேர் என்று அங்கே போர்டில் எழுதியிருக்கும், அதற்கு மேல் ஒரு குழந்தைகூட ஏறக்கூடாது. லைஃப் ஜாக்கெட் கொடுக்கிற பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். சட்டை கசங்கும், போட்டோவில் குண்டாகத் தெரியும் என்று சொல்கிறவர்கள், முக்கியமாக இரண்டாம் வரிசையில் இருக்கிறவர், பஸ்ஸிலேயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம்.